விலாசம் இல்லாத பெட்டி

அண்ணாச்சிக்குக் காலு என்ன சைஸு? இல்ல, சும்மாதான் கேக்கேன். எட்டா? பாத்தா எட்டு மாதிரிதான் இருக்கு. சரி, நல்லா உக்காருங்க. உங்க பையை மேல வைக்காதிய, இந்த டிரைவர் பிரேக் போட்டாம்னா எல்லாம் தலையில வந்து விழும். என் மடியில கெடக்க பை இருக்கட்டும், அது ஒண்ணும் கனம் இல்ல.

பாளையங்கோட்டையா போறிய? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, அதுக்குள்ள மூஞ்சிய அப்படி வைக்காதிய. முன்னால மூணாவது சீட்டுல நீலச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பித் திரும்பிப் பாக்காள்ல, அவ எம் பொண்டாட்டி ஜெசிந்தா. அவ திருப்திக்காக வாரேன். மனநல டாக்டராம். தூத்துக்குடியில டாக்டர் இல்லாமலா? அங்க போனா தெருவுல பேசுவாவளாம், அதனால பாளையங்கோட்டை. ஒண்ணும் இல்லாதவனைக் கூட்டிட்டுப் போறா, அதையும் ஒளிச்சுக் கூட்டிட்டுப் போறா. பொம்பளை மூளை.

நான் கப்பல்ல சீஃப் குக். பேரு கஸ்பார் மோத்தா. இருபத்தாறு வருசம் கப்பல்ல சோறாக்கிப் போட்டிருக்கேன், அண்ணாச்சி. கிரேக்கன், உக்ரைன்காரன், வடக்கத்தியான், எல்லாவனுக்கும் ஆக்கிப் போட்டாச்சு. ஆனா அதிகமா ஆக்கிப் போட்டது பிலிப்பினோவுக்குத்தான். எந்தக் கப்பல்ல ஏறினாலும் பாதி ஆளு அவனுவதான். அப்படி ஒரு சாதியை நீங்க பாத்திருக்க மாட்டிய. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. கேப்டன் ஏசினாலும் சிரிப்பு, எட்டு மாசம் கழிச்சு வீட்டுக்குப் போக வேண்டியவனை இன்னும் ரெண்டு மாசம் இருடான்னாலும் சிரிப்பு. சனிக்கிழமை ஆனா மெஸ்ஸுல கரோக்கி மெசினை வச்சுக்கிட்டு ஆளாளுக்குப் பாட்டு. நூடுல்ஸுல சீனியப் போட்டுத் திம்பானுவ. புளியைக் கரைச்சு மீனைப் போட்டு ஒரு தண்ணி வைப்பானுவ, நம்ம ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம், அதுல பெருங்காயமும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது. அதைக் குடிச்சிட்டுக் கண்ணை மூடி அம்மா அம்மாங்கான்.

ஒண்ணு சொல்லணும். கருவாடு பொரிச்சா கப்பல்ல மத்தவன்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவான். இவனுவ மட்டும் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவானுவ. அந்த ஒரு விசயத்துல மட்டும் மனுசப் பயலுவ.

அவனுவகிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் சாப்பிட உக்காந்தாம்னா, பக்கத்துல யார் போனாலும் 'காயின் தாயோ'ன்னு சொல்லணும். வாங்க சாப்பிடலாம்னு அர்த்தம். தட்டுல ரெண்டு வாய்ச் சோறுதான் இருக்கும், இருந்தாலும் கூப்பிடுவான். போறவன் இல்லப்பா, நீ சாப்பிடுன்னு சொல்லிட்டுப் போகணும். அதுதான் மரியாதை. இது தெரியாம நான் மொத தடவை கப்பல் ஏறினப்போ ஒருத்தன் கூப்பிட்டாம்னு உக்காந்து பாதியைத் தின்னுட்டேன். அப்பவும் சிரிச்சான். இப்படிப் பொய்யாக் கூப்பிடுதானுவளே, வெக்கங்கெட்டவனுவன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

ஆர்னெல்னு ஒருத்தன். டெக்குல வேலை பாக்க சீமேன். இலோயிலோன்னு ஒரு ஊரு, அங்க வீட்டுக்கு ஒருத்தன் கப்பலுக்குப் போவானாம், நம்ம தூத்துக்குடி மாதிரின்னு வச்சுக்கிடுங்க. வயசு நாப்பத்தஞ்சு. நமக்கு மாதா, அவனுக்குக் குழந்தை இயேசு. ரூமுல ஒரு சின்னச் சொரூபத்தை நூலு போட்டுக் கட்டி வச்சிருப்பான், கப்பல் ஆடினா விழுந்துரக் கூடாதுன்னு. சிரிக்கதுல அவன்தான் ராசா. கம்பெனிக்காரன் ஒரு போஸ்டர் அடிச்சு எல்லாக் கப்பல்லயும் ஒட்டியிருந்தான். 'மகிழ்ச்சியான மாலுமி, பத்திரமான கப்பல்'னு. அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கது யாரு? இந்த ஆர்னெல்தான். எங்க மெஸ்ஸுல, சோறு வைக்க மேசைக்கு நேர் மேல அவன் மூஞ்சி. அவன் தட்டோட வரிசையில நிப்பான், மேலயும் அவனே நிப்பான்.

அவனுவகிட்ட இன்னொரு கிறுக்கு, பெட்டி. நம்ம ஆளு வெளிநாட்டுல இருந்து வரும்போது சென்டு, சாக்லேட்டு, டார்ச் லைட்டுன்னு வாங்கிட்டு வருவோம்ல. அவனுவ அப்படி இல்ல. ஒரு பெரிய அட்டைப் பெட்டி, ஒரு ஆளு உள்ள உக்காரலாம், கப்பல்ல ஏறின மொத நாளே கட்டிலுக்கு அடியில வச்சிருவானுவ. ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஒண்ணு ஒண்ணா வாங்கி நிரப்புவானுவ. சோப்பு, டவலு, டப்பாக் கறி, ஷூ. ஷூவுக்குள்ள எடத்தை வீணாக்காம சாக்லேட்டைத் திணிப்பான். ஒவ்வொண்ணுலயும் யாருக்குன்னு பேரு எழுதுவான், அக்கா மவன், பக்கத்து வீட்டுக்காரி, கோயில் பாதிரியாரு. எட்டு மாசம் அதுதான் அவனுக்குப் பேச்சு. அது ஊரு போய்ச் சேந்தாத்தான் இவன் ஊருக்குப் போன மாதிரி. சோப்புக்கட்டியில மானம் வச்சிருக்க சனம்.

இந்த ஆர்னெலுக்குத்தான் பெட்டியை அனுப்ப எடம் இல்லாமப் போச்சு.

எப்படின்னு கேளுங்க. பொண்டாட்டி கனடாவுல. வயசானவுகளைப் பாத்துக்கிடுத வேலை. ரெண்டு பிள்ளைகளையும் அங்கயே கூட்டிக்கிட்டா. நல்ல விசயந்தான, இவனுக்கும் அங்க போய் இருக்கப் பேப்பர் வரும்னு ஆறு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தான். பிள்ளைகளுக்கு இவன் பாசை மறந்து போச்சு. போன்ல இவன் இங்கிலீசைக் கேட்டுச் சிரிக்கும். போன தடவை பெட்டி அனுப்புனதுக்கு, 'அப்பா, இதெல்லாம் இங்கயே கெடைக்கி, இனிமே அனுப்பாதிய'ன்னு சொல்லிருச்சு மவ. இதைச் சொல்லும்போதும் சிரிச்சான், கேட்டுக்கிடுங்க. சரி, கனடா வேண்டாம், ஊருக்கு அனுப்பு. ஊருல யாரு? அம்மாக்காரி ஒருத்தி இருந்தா. நாங்க பிரேசில்ல இரும்பு மண்ணு ஏத்திக்கிட்டு சீனாவுக்குப் போய்க்கிட்டு இருக்கோம், நாப்பது நாளு தண்ணி, கரை கெடையாது. அதுல ஏழாவது நாளு அம்மா செத்துப் போனான்னு மெசேஜ் வந்துச்சு. கேப்டன் தட்டிக் குடுத்தாரு. அவ்வளவுதான். நடுக்கடல்ல கப்பலைத் திருப்பவா முடியும்? பூட்டின வீடு ஒண்ணு, செத்துப்போன அம்மா ஒருத்தி, வேண்டாம்னு சொல்லுத பிள்ளைக. பெட்டி முக்கால்வாசி நெறஞ்சு கட்டிலுக்கு அடியில கெடக்கு.

சரி, நமக்கு அம்மா சாகலையா? எங்கம்மா செத்தப்போ நான் சூயஸ் கால்வாயில இருந்தேன். அன்னைக்கு மத்தியானம் இருபத்தோரு பேருக்குக் கோழி ஆக்கினேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்.

சமையக்காரனுக்கு ஒரு விசயம் தெரியும், அண்ணாச்சி. ஆளு எப்படி இருக்காம்னு மூஞ்சியப் பாக்க வேண்டாம், தட்டைப் பாத்தாப் போதும். ஆர்னெல் தட்டு பாதி திரும்பி வந்துச்சு. பெறகு முக்கால் வந்துச்சு. கருவாடு வச்சேன், அதுவும் வந்துச்சு. பெறகு ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்போ பக்கத்துல போனேன், 'காயின் தாயோ' சொல்லலை. மூணு தடவை வேணும்னே குறுக்க நெடுக்க நடந்தேன். சொல்லலை. என்னடா, பொய்க்குக்கூடக் கூப்பிட முடியலையான்னு எனக்குக் கோவம்.

பெறகுதான் குடுக்க ஆரம்பிச்சான். பெட்டியில இருந்து ஒண்ணு ஒண்ணா. டெக்கு ஆளுகளுக்கு மேஸ்திரி மாதிரி போசன்னு ஒருத்தன், அவனுக்கு டவலு. மெசின் ரூம் ஆளுக்கு டப்பாக் கறி. ஒருத்தனுக்கு ஒரு டஜன் சோப்பு. எல்லாத்துலயும் பழைய பேரை அடிச்சிட்டுப் புதுப் பேரு எழுதியிருந்தான். எனக்கு ஒரு சோடி ஷூ. வெள்ளை, நீலக் கோடு போட்டது, எட்டாம் நம்பர். எனக்கு ஒம்பது, பத்தாது. 'குக், உங்க மவனுக்கு'ன்னான். கிறுக்கன் குடுக்கான், வாங்குறதுக்கு நமக்கு என்ன? வாங்கி ரூமுல வச்சேன். எல்லாவனும் வாங்கினான். இளிச்சவாயன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கினான். கடைசியில காலிப் பெட்டியையும் தூக்கிக்கிட்டு கிச்சனுக்கு வந்துட்டான். 'குக், வெங்காயம் போட்டு வைக்க ஆகும்'னான். நல்ல கெட்டிப் பெட்டி. வெங்காயத்தைப் போட்டேன்.

அன்னைக்குப் போகாம நின்னான். உருளைக்கெழங்கு மூட்டை மேல உக்காந்தான். 'தூக்கம் வரமாட்டேங்குது, குக். நெஞ்சுல யாரோ காலை வச்சு நிக்க மாதிரி இருக்கு'ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்ல புத்திதான் சொன்னேன். 'வெளிய சொல்லிராத. கேப்டன் காதுக்குப் போச்சுன்னா அடுத்த மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு போட்டுருவான். மனசு சரியில்லாதவனை எவன் கப்பல் ஏத்துவான்? செபமாலை சொல்லு, சரியாப் போகும்'னேன். இருபத்தாறு வருசமா எல்லாவனுக்கும் எல்லாவனும் சொல்லுத புத்திதான் அது. எனக்கும் ஒருத்தன் சொல்லியிருக்கான், அதை விடுங்க. ஆர்னெல் தலையை ஆட்டினான். அஞ்சாறு வெங்காயம் உரிச்சுக் குடுத்தான். தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனான். எதுக்குத் தேங்க்ஸுன்னு நானும் கேக்கலை.

மறுநாள் மத்தியானம், சாப்பாடு முடிஞ்சு மூணு மணி இருக்கும், நல்ல வெயிலு, கடலு எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்கு. போசன் வந்து ஆர்னெலைப் பாத்தியான்னு கேட்டான். இல்லையேன்னேன். அரை மணி நேரத்துல மணி அடிச்சு எல்லாவனையும் டெக்குல வரிசையா நிக்க வச்சு எண்ணினாரு கேப்டன், இருபத்தோரு பேரு இருக்கணும். இருபது. திரும்ப எண்ணினாரு. இருபதுதான். கப்பலைத் திருப்பி வந்த வழியே தேடினோம், பொழுது அடையுற வரைக்கும், மறுநாளும். ஒண்ணும் கெடைக்கலை. அம்மா செத்ததுக்குத் திரும்பாத கப்பலு அன்னைக்குத் திரும்புச்சு.

செத்தவனைப் பத்திக் கொறையாப் பேசக் கூடாதுதான். ஆனா எனக்கு ஆத்திரம் வருது, என்ன செய்ய? என்ன கஷ்டம் அவனுக்கு? பஞ்சமா, பட்டினியா? நாங்கள்லாம் இருக்கலையா? கோழைப் பய.

சிங்கப்பூர்ல கப்பலை நிப்பாட்டி கம்பெனி ஆளு ஏறினான். டை கட்டின ஆளு. ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுக் கேட்டான், அவர்ட்ட ஏதாவது வித்தியாசமாப் பாத்தீங்களான்னு. போசன் இல்லன்னான். கறி டப்பா வாங்கினவன் இல்லன்னான். சோப்பு வாங்கினவன் இல்லன்னான். நானும் இல்லன்னேன். தட்டைப் பாத்து ஆளைச் சொல்லுத கஸ்பார் மோத்தா, இல்லன்னேன். கால் வழுக்கி விழுந்திருக்கலாம்னு எழுதிக்கிட்டான். பெறகு எங்களை மெஸ்ஸுல உக்கார வச்சு மனசைப் பத்தி ஒரு வீடியோ போட்டுக் காட்டினான், மூச்சை இழுத்து விடணுமாம். மேல போஸ்டர்ல ஆர்னெல் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். அதைக் கழட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. தூ.

பிலிப்பினோ பயலுவ ஒம்பது நாளு செபம் வச்சானுவ. அவனுவ வழக்கம் அது. ஒம்பது நாளும் மெஸ்ஸுல அவன் எடத்துல ஒரு தட்டு வைக்கணும், அதுல சோறு வைக்கணும். வைக்க வேண்டியது யாரு? நான்தான். வச்சேன். அப்படியே திரும்பி வரும். கடைசி நாளு கருவாடு பொரிச்சு வச்சேன். அந்தத் தட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாவனும் அவன் எடத்தைப் பாத்து 'காயின் தாயோ'ங்கான். இதைக் கப்பல்ல பாதிப் பேராவது அவன் இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா. ஆளு போன பெறகு கூப்பிடுதானுவ.

அதோட விட்டானுவளா? வாங்கினதை எல்லாம் ஒவ்வொருத்தனும் கொண்டுவந்து மெஸ் மேசையில வச்சான். ஒருத்தன் சோப்பைக் கரைச்சிருந்தான், புதுசு வாங்கி வச்சான். எல்லாத்தையும் திரும்பப் பெட்டியில போட்டு அனுப்பணுமாம். பெட்டி எங்கன்னு என்கிட்ட வந்தானுவ. வெங்காயத்தைக் கொட்டிக் குடுத்தேன். உள்ள நல்ல வாடை. துடைச்சுத் துடைச்சுப் பாத்தானுவ, போகலை. பெறகு எங்க அனுப்பன்னு ஒரு மணி நேரம் பேச்சு. கனடாவுக்கா, பூட்டின வீட்டுக்கா? கடைசியில அந்த ஊரு கோயிலுக்கு அனுப்பிச்சானுவ.

ஷூவை மட்டும் நான் குடுக்கலை. ஏன் குடுக்கலைன்னு கேக்காதிய. கேட்டப்போ என்கிட்ட ஒண்ணும் தரலைன்னு சொல்லிட்டேன். சொன்ன பெறகு எப்படிக் கொண்டுபோய்க் குடுக்க?

வல்லநாடு வந்துருச்சு. டீ குடிக்க நிப்பாட்ட மாட்டான் இவன், வேற வண்டின்னா நிப்பாட்டுவான்.

ஊருக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சு. அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டாவ, இடுப்பு வலின்னு சொல்லிட்டேன். வீட்டுல இருக்கேன், அதுல இவளுக்கு என்ன நட்டம்? நான் சரியாச் சாப்பிடலையாம். தட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சாளாம். எனக்கே தட்டுப் பாக்கா, அண்ணாச்சி, சீஃப் குக்குக்கு. பெறகு இன்னொரு குத்தம், வீட்டுச் சாமானை எல்லாம் எடுத்து எடுத்துக் குடுக்கேனாம். வீட்டுச் சாமானையா குடுத்தேன்? என் சாமானைக் குடுத்தேன். சும்மா கெடந்த கத்தி செட்டை மச்சினனுக்குக் குடுத்தேன், நல்ல செருமன் கத்தி. வாட்சைத் தம்பிக்கு. செபமாலையை எங்க தெருவுல ஒரு பிள்ளைக்குக் கோயில்ல மொத தடவையா நன்மை அப்பம் குடுத்தாவ, அதுக்கு. ஸ்கூட்டரை மவன் பேருக்கு மாத்திட்டேன். வச்சு என்ன செய்ய? மனுசன் நாலு பேருக்குக் குடுத்தா அது சீக்கா? இவ ஒக்காந்து அழுதா. எதுக்கு அழுதான்னு அவளுக்கும் தெரியலை. மறுநாளே இந்த டாக்டரைப் பாக்க நாள் குறிச்சிட்டா. இந்தக் கதை ஒண்ணும் அவளுக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க. ஆர்னெல்னு ஒரு பேரையே நான் வீட்டுல சொன்னது கெடையாது. ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. நீங்க எறங்கிப் போயிருவிய, உங்ககிட்ட சொன்னா என்ன?

டாக்டர்ட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். ஏதாவது கஷ்டம் இருக்கான்னு கேப்பான். இல்லம்பேன். தூக்கம் வருதாம்பான். வருதும்பேன். சிரிச்சுக்கிட்டே சொல்லணும், அதுதான் முக்கியம். அஞ்சு நிமிசத்துல அனுப்பிருவான். பெறகு அவளும் நிம்மதியா இருப்பா, என்னையும் நிம்மதியா விட்டுருவா. இன்னைக்கு ஒரு நாளு தாண்டினாப் போதும் எனக்கு.

இந்தாங்க, இதுதான் அந்த ஷூ. மவனுக்குப் பத்து, தம்பிக்கு ஏழு. ஒருத்தனுக்கும் சேரலை. பஸ்ஸுல ஏறினதுல இருந்து எல்லாவன் காலையும் பாத்துக்கிட்டு வாரேன். உங்களுக்கு எட்டு. உள்ள சாக்லேட்டு இருந்துச்சு, அது கரைஞ்சு போச்சு, தொடச்சுட்டேன். ஒரு நாளு கூட யாரும் போடாத ஷூ. மத்ததெல்லாம் குடுத்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. நீங்க வாங்கிக்கிட்டியன்னா எனக்கு வேலை முடிஞ்சிருது.

ஏன் அப்படிப் பாக்கிய? காசு ஒண்ணும் கேக்கலையே நான். புடிங்க.

என்ன அண்ணாச்சி, இப்பவா எந்திரிக்கிய? பஸ் ஓடுதுலா, பாளையங்கோட்டைக்கு இன்னும் கால் மணி நேரம் கெடக்கு. ஷூவை வாங்கிட்டுப் போங்க. முன்னால எங்க போறிய? அவளை எதுக்குக் கூப்பிடுதிய?